ஜீன் சாரசென்

ஜீன் சாரசென் (பெப்ரவரி 27, 1902 – மே 13, 1999) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த புகழ்பெற்ற குழிப்பந்தாட்ட வீரர் ஆவார். கோல்ஃப் என்று பரவலாக அறியப்படும் இவ்வாட்டத்தின் நான்கு பெரும் போட்டிகளான யூ.எஸ். ஓப்பன், பிரித்தானிய ஓப்பன், பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப், மாஸ்டர்ஸ் ஆகிய அனைத்தையும் தம் வாழ்நாளில் வென்ற முதல் வீரர் இவரே. இந்நான்கிலும் சேர்த்து 7 பட்டங்களைப் பெற்றார்.

எனினும் பட்டங்களைக் காட்டிலும் இவர் பெயரை நிலைக்கச் செய்தது ஒரு மட்டை எனலாம். மணலில் புதைந்த பந்தை வெளியே எடுப்பதற்குப் பயன்படும் மணல் வெட்ஜ் என்னும் மட்டையை இன்றைய வடிவத்துக்குக் கொண்டு வந்தவராக இவர் அறியப்படுகிறார். ஆடுபவர் சிறிது பிழை செய்தாலும் பந்தை வெளியே சேர்த்துவிடும் இயல்புடையது இம்மட்டை. இன்று கடைகளில் பிழை பொறுக்கும் வெட்ஜ் என்று விற்கப்படும் மட்டைகள் பலவற்றின் அடிப்பாகத்தில் இவர் கண்ட உத்தியே உள்ளது.

இளமை

நியூயோர்க் மாநிலத்தில் உள்ள ஹாரிசன் என்னும் ஊரில் வறிய இத்தாலியக் குடியேறிகளின் மகனாகப் பிறந்தார். இயற்பெயர் யூஜினியோ சராசெனி. தந்தையார் தச்சுத் தொழிலாளி. தம் மகனும் தச்சனாக வேண்டும் என்பதே அவருடைய விருப்பம். இந்த ஆட்டத்தின் மீது அவருக்கு எந்த மதிப்பும் இருக்கவில்லை.

சுமார் எட்டு வயதிலேயே அருகிலிருந்த கோல்ஃப் கழகத்தில், ஆடுபவரின் மட்டைப்பையைச் சுமந்து செல்லும் வேலைக்குச் சாரசென் சேர்ந்தார். பின்னர் ரை என்னும் ஊரின் அப்பவாமிஸ் கழகத்தில் அதே வேலையைச் செய்தார். பின்னாளில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளால் அமெரிக்கா முழுதும் அறியப்பட்ட எட் சல்லிவனும் சிறுவனாக அங்கே பை சுமந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. 1913 ஆம் ஆண்டு யூ.எஸ். ஓப்பன் போட்டியில் பிரான்சிஸ் விமெட் என்ற இருபது வயது இளைஞர் பிரித்தானியாவின் தலைசிறந்த ஆட்டக்காரர் இருவரை வென்றார். விமெட்டும் பை சுமந்து வளர்ந்தவரே. அச்செய்தி நாடெங்கும் பை சுமந்த சிறுவர்களுக்குப் புதிய நம்பிக்கையை அளித்தது. சாரசென் அவர்களுள் ஒருவர்.

முதலாம் உலகப் போரின்போது குடும்பம் கடனில் சிக்கியது. சாரசென் பள்ளிப் படிப்பை விட்டு, கனெடிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரில் வெடிபொருள் தொழிற்சாலை வேலைக்குச் சென்றார். அங்கே கடுமையான நுரையீரல் அழற்சி கண்டு சாவின் விளிம்பு வரை போய் மீண்டார். மூடிய கட்டடத்துள் தொழில் செய்வது உடலுக்கு ஆகாது, திறந்தவெளி வேலையே வேண்டும் என்று மருத்துவர் கூறிவிட்டார். தச்சுத் தொழிலிலிருந்து இவரை விடுவித்தது இந்த நோய்தான். உடல் தேறியதும் பிரிட்ஜ்போர்ட்டில் கோல்ஃப் திடலில் ஆடத் தொடங்கி, பின்னர் புரூக்லான் கழகத்தில் பயிற்றுநரின் உதவியாளராக அமர்ந்தார்.

பெயர் மாற்றம் நிகழ்ந்ததும் இக்காலத்தில்தான். ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் இட்டதற்காக இவருடைய பெயர் உள்ளூர்ச் செய்தித்தாளில் வந்தது. அச்சில் பார்த்தபோது யூஜினியோ சராசெனி என்பது வயலின் வாசிப்பவரின் பெயர் போல இவருக்குப் பட்டது. விளையாட்டு வீரனுக்குப் பொருந்தும் ஓசையைத் தேடி ஜீன் சாரசென் என்று மாற்றிக்கொண்டார்.

முதல் வெற்றிகள்

1922 ஆம் ஆண்டில் இல்லினோய் மாநிலத்தின் ஸ்கோக்கி கழகத்தில் யூ.எஸ். ஓப்பன் நடைபெற்றது. இருபதே வயதான, ஏறத்தாழ 165 செ.மீ. உயரமுடைய சாரசென் கடைசிச் சுற்றை 68 அடிகளில் முடித்து, மொத்தம் 288 அடிகளுடன் பட்டத்தை வென்றார். பாபி ஜோன்சும் ஜான் பிளாக்கும் ஓர் அடி பின்தங்கினர். அதே ஆண்டில் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் பட்டமும் கிடைத்தது. 1923 இல் அப்பட்டத்தைத் தக்கவைத்தபோது இறுதியாட்டத்தில் எதிர்த்து நின்றவர் அக்காலத்தின் பெரும்புகழ் வீரரான வால்டர் ஹேகன். முப்பத்தாறு குழிகளில் முடியவேண்டிய ஆட்டம் முப்பத்தெட்டாம் குழி வரை நீண்டது.

இருபத்தொரு வயதுக்குள் மூன்று பெரும் பட்டங்களை வென்றவர், நான்காவதற்கு ஒன்பது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1923 இல் ஸ்காட்லாந்தின் ட்ரூன் திடலில் நடந்த பிரித்தானிய ஓப்பனில், கடும் புயற்காற்றில் தகுதிச் சுற்றையே கடக்க முடியாமல் வீடு திரும்பினார். 1928 இல் இங்கிலாந்தின் சாண்ட்விச் நகரில் நடந்த அதே போட்டியில் ஹேகனுக்கு இரண்டு அடிகள் பின்னால் இரண்டாம் இடம் பெற்றார். அப்போது இவருக்குப் பை சுமந்தவர் டேனியல்ஸ் என்னும் முதியவர். ஹேகனே தமக்கு வழக்கமாகப் பை சுமக்கும் அவரைச் சாரசெனுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். உயர்ந்த புல்லில் கிடந்த பந்தை மரத்தலை மட்டையால் அடிக்க வேண்டாம் என்று அம்முதியவர் தடுத்தும் கேளாமல் அடித்து, ஒரே குழியில் பல அடிகளை இழந்தார் சாரசென். பட்டம் கைநழுவியது அங்கேதான். என்றேனும் ஒருநாள் இப்பட்டத்தைப் பெற்றுத் தருவேன் என்ற எண்ணம் டேனியல்சுக்கு அன்றிலிருந்து இருந்துவந்தது.

மணற்பள்ளம்

இத்தேக்க ஆண்டுகளில் சாரசெனின் ஆட்டத்தில் ஒரு குறை தொடர்ந்து வெளிப்பட்டது. பங்கர் எனப்படும் மணற்பள்ளத்தில் பந்து விழுந்தால் இவர் தடுமாறினார். இவர் மட்டுமல்ல, அக்காலத்தில் தேர்ந்த ஆட்டக்காரர்களும் மணலை அஞ்சினர். அதற்குக் காரணம் மட்டையின் வடிவம்.

மணலில் ஆடுவதற்கு அன்று பெரும்பாலும் பயன்பட்டது நிப்லிக் என்னும் இரும்பு மட்டை. அதன் முகம் நன்கு சாய்ந்திருந்தது. ஆனால் அடிப்பாகம் மெல்லியது, முன்விளிம்பு கூர்மையானது. பந்துக்குச் சற்றுப் பின்னால் மணலில் பட்டால் மண்வெட்டி போல உள்ளே இறங்கிப் புதைந்துவிடும். பந்து இருந்த இடத்திலேயே கிடக்கும். மணலைத் தொடாமல் பந்தை மட்டும் அடிக்க முயன்றாலோ, இம்மியளவு மேலே பட்டாலும் பந்து பச்சைத்திடலைத் தாண்டி எங்கோ பறந்துவிடும். ஆக இரு பக்கமும் இடர்.

இக்குறையைத் தீர்க்க வேறு சிலரும் முயன்றனர். 1920களின் இறுதியில் கரண்டி போலக் குழிந்த முகமும் பருத்த அடிப்பாகமும் கொண்ட மட்டை ஒன்று வந்தது. ஹோர்ட்டன் ஸ்மித் அதனைப் பயன்படுத்தினார். பாபி ஜோன்ஸ் 1930 ஆம் ஆண்டு பிரித்தானிய ஓப்பனில் அதனைக்கொண்டு ஒரு முக்கியமான அடியை அடித்தார். ஆனால் குழிந்த முகம் ஒரே வீச்சில் பந்தை இருமுறை தொடக்கூடும் என்பதால் 1931 இல் ஆட்ட விதிகளை வகுக்கும் அமைப்புகள் அதனைத் தடை செய்தன. ஆகவே மணலுக்கென்று தனி மட்டை என்ற எண்ணம் சாரசெனுக்கு முன்பே இருந்தது. அவரை அதன் தனி முதற்கண்டுபிடிப்பாளர் என்று சில நூல்கள் கூறுவது மிகை.

வானூர்தியும் ஈயமும்

1931 – 1932 குளிர்காலத்தில் சாரசென் புளோரிடா மாநிலத்தின் நியூ போர்ட் ரிச்சி என்னும் ஊரில் தங்கியிருந்தார். திரைப்படத் தயாரிப்பாளரும் வானோட்டியுமான ஹாவர்ட் ஹியூசுடன் அவருக்குப் பழக்கம் இருந்தது. தாமும் வானூர்தி ஓட்டப் பழகினார். அவரே பிற்காலத்தில் கூறியுள்ளபடி, கட்டுக்கோலைப் பின்னுக்கு இழுத்தபோது வானூர்தியின் வால் கீழே தாழ, மூக்கு மேலே எழுந்து ஊர்தி உயர்ந்ததைக் கவனித்தார். மட்டையின் பின்பகுதியும் அவ்வாறே தாழ்ந்திருந்தால், அது மணலில் புதையாமல் மேலெழும் அல்லவா என்ற எண்ணம் அப்போது தோன்றியது.

பற்றவைக்கும் ஈயத்தை வாங்கிவந்து, நிப்லிக் மட்டையின் அடிப்பாகத்தில் உருக்கி அப்பினார். அரத்தால் தேய்த்தார், மணலில் அடித்துப் பார்த்தார், மீண்டும் ஈயம் சேர்த்தார், மீண்டும் தேய்த்தார். அடிப்பாகத்தின் பின்விளிம்பு முன்விளிம்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். எவ்வளவு தாழ வேண்டும் என்பதற்கு அளவுகோல் எதுவும் கிடையாது. மணலே சோதனைக் கூடம். பல மணி நேரம் தொடர்ந்து அடித்துப் பழகிய பின்னர், மணற்பள்ளத்திலிருந்து இரண்டு அடிகளில் குழியை முடிப்பது தமக்குப் பெரும்பாலும் உறுதி என்ற நிலைக்கு வந்தார். தச்சர் ஒருவரின் மகனுக்குக் கைவேலை இயல்பாக வந்திருக்க வேண்டும்.

1932 ஆம் ஆண்டு

அவ்வாண்டு சூன் மாதம் பிரித்தானிய ஓப்பன் சாண்ட்விச் நகரின் பிரின்சஸ் திடலில் நடைபெற்றது. புதிய மட்டையை எடுத்துச் சென்ற சாரசெனுக்கு ஓர் அச்சம் இருந்தது. குழிந்த முகமுடைய மட்டை தடை செய்யப்பட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. போட்டி தொடங்குமுன் அதிகாரிகள் இதனைக் கண்டால் இதற்கும் தடை விதிக்கலாம். எனவே பயிற்சியின்போது மட்டையைத் தலைகீழாகப் பையில் வைத்தார். மாலையில் மேலங்கிக்குள் மறைத்து விடுதிக்கு எடுத்துச் சென்றார். போட்டி தொடங்கிய பின்னரே வெளிப்படையாகப் பயன்படுத்தினார். உண்மையில் இம்மட்டையின் முகம் தட்டையானது. விதி மீறல் எதுவும் அதில் இல்லை. பின்னரும் அது தடை செய்யப்படவில்லை.

டேனியல்ஸ் அவ்வாண்டும் வந்து காத்திருந்தார். பார்வை மங்கி, நடை தளர்ந்திருந்தது. முதலில் இளைஞர் ஒருவரை அமர்த்திக்கொண்ட சாரசென், பயிற்சி ஆட்டங்கள் சரிவராமல் போகவே, முதியவரையே அழைத்துக்கொண்டார். நான்கு சுற்றுகளையும் 283 அடிகளில் முடித்து, ஐந்து அடிகள் வித்தியாசத்தில் பட்டத்தை வென்றார். இப்போட்டியில் அதுவரை எவரும் எட்டாத குறைந்த எண்ணிக்கை அது. சில மாதங்களில் டேனியல்ஸ் காலமானார்.

இரண்டு வாரங்களுக்குப் பின் நியூயோர்க்கின் பிரெஷ் மெடோ திடலில் யூ.எஸ். ஓப்பன் நடந்தது. சாரசென் முன்பு பயிற்றுநராகப் பணியாற்றிய திடல் அது. தொடக்கத்தில் அடக்கமாக ஆடிப் பின்தங்கியவர், கடைசி 28 குழிகளைச் சரியாக 100 அடிகளில் ஆடி முடித்தார். இறுதிச் சுற்று 66 அடிகள். இரண்டு பெரும் ஓப்பன் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றார்.

வில்சன் நிறுவனம் இம்மட்டையை ஆர்-90 என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1923 முதல் இறக்கும் வரை, ஏறத்தாழ 75 ஆண்டுகள் அந்நிறுவனத்துடன் சாரசெனுக்கு ஒப்பந்தம் நீடித்தது. விளையாட்டு உலகில் இவ்வளவு நீண்ட ஒப்பந்தம் வேறில்லை என்பர்.

மட்டை இயங்கும் முறை

தென்காசி வட்டாரத்துக் குளக்கரைகளில் சிறுவர்கள் ஓட்டுச் சில்லைத் தாழ்வாக வீசி, அது நீர்ப்பரப்பில் தத்தித் தத்திச் செல்வதைப் பார்த்திருக்கலாம். சில்லின் முன்விளிம்பு சற்று உயர்ந்து, தட்டையான அடிப்பாகம் நீரில் பட்டால் அது தத்துகிறது. முன்விளிம்பு குத்தினாற்போல் பட்டால் மூழ்கிவிடுகிறது. மணல் வெட்ஜ் இயங்குவதும் ஏறத்தாழ இவ்வாறே. முன்விளிம்பு மணலுக்குள் இறங்குமுன் தாழ்ந்த பின்பகுதி மணலில் பட்டு, மட்டையை மேல்நோக்கித் தள்ளுகிறது. மட்டை ஆழப் புதையாமல் மணலுக்குள் வழுக்கிச் செல்கிறது.

இதில் கவனிக்கத்தக்கது, மட்டை பந்தைத் தொடுவதே இல்லை. பந்துக்குச் சில செண்டிமீட்டர் பின்னால் மணலில் நுழைந்து, பந்தின் அடியாகச் சென்று வெளிவருகிறது. இடையிலுள்ள மணல் தெறித்து எழும்போது பந்தையும் தூக்கிச் செல்கிறது. எனவே பந்துக்கு மூன்று செ.மீ. பின்னால் பட்டாலும் ஐந்து செ.மீ. பின்னால் பட்டாலும் பந்து வெளியே வந்துவிடும். விழும் தொலைவு மட்டுமே சற்று மாறும். நிப்லிக் மட்டையில் இம்மியளவாக இருந்த பிழை வரம்பு, இதில் விரற்கடை அளவாக விரிந்தது. பிழை பொறுத்தல் என்பதன் பொருள் இதுவே.

அடிப்பாகத்தின் இத்தாழ்வை பவுன்ஸ் என்று அழைப்பர். மட்டையைத் தரையில் நிறுத்தினால் அடிப்பாகம் தரையோடு செய்யும் கோணமே அதன் அளவு. 4 முதல் 6 பாகை வரை குறைவு, 7 முதல் 10 வரை நடுத்தரம், அதற்கு மேல் மிகுதி என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. மட்டையின் முகத்தை வானை நோக்கித் திறந்து பிடித்தால் பின்பகுதி மேலும் தாழ்வதால், பவுன்ஸ் கூடும்.

பிழை பொறுக்கும் வெட்ஜைத் தேர்ந்தெடுத்தல்

பச்சைத்திடலுக்கு அருகில் ஆடப்படும் சிற்றாட்டத்தில் நான்கு வகை வெட்ஜுகள் பயன்படுகின்றன. முகச்சாய்வைக் கொண்டு இவை பிரிக்கப்படுகின்றன. பிட்சிங் வெட்ஜ் சுமார் 44 முதல் 48 பாகை வரையும், கேப் வெட்ஜ் 50 பாகையை ஒட்டியும், மணல் வெட்ஜ் 54 முதல் 58 வரையும், லாப் வெட்ஜ் 60 அளவிலும் இருக்கும். ஓர் ஆட்டக்காரர் 14 மட்டைகளுக்கு மேல் எடுத்துச் செல்லக் கூடாது என்ற விதி அமெரிக்காவில் 1938 இலும் பிரித்தானியாவில் 1939 இலும் வந்தது. ஆதலால் நான்கையும் வாங்குவது எல்லோருக்கும் தேவையன்று. தம்மிடம் உள்ள பிட்சிங் வெட்ஜின் சாய்வை அறிந்து, அதிலிருந்து நான்கு முதல் ஆறு பாகை இடைவெளியில் அடுத்தவற்றைத் தேர்வதே முறை. தொடக்க நிலையினர் லாப் வெட்ஜைத் தவிர்ப்பது நல்லது. முகம் மிகச் சாய்ந்திருப்பதால், சற்றுப் பிசகினாலும் அது பந்தின் அடியில் நுழைந்து, பந்தை இரண்டடி தூரம்கூட நகர்த்தாது.

அடிப்பாகம் அகலமாக இருப்பது பிழை பொறுக்கும் மட்டையின் முதல் அடையாளம். அடுத்தது எடைப் பங்கீடு. மட்டைத் தலையின் நடுவில் குழிவு விட்டு, எடையை ஓரங்களுக்குத் தள்ளினால், பந்து முகத்தின் மையத்தில் படாவிட்டாலும் தலை அதிகம் திருகாது. இம்முறையைப் பரப்பியவர் நோர்வேயில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பொறியாளர் கார்ஸ்டன் சோல்ஹைம். பிங் என்ற பெயரில் அவர் செய்த மட்டைகள் உலகெங்கும் பரவின. சாரசென் அடிப்பாகத்தில் செய்ததை இவர் தலையின் பின்புறத்தில் செய்தார் எனலாம்.

ஆனால் பவுன்ஸ் மிகுந்த மட்டையே எல்லோருக்கும் எங்கும் பிழை பொறுக்கும் என்று கொள்ளுதல் தவறு. விற்பனை விளம்பரங்கள் இதனைச் சொல்வதில்லை. நிலம் எத்தகையது என்பதே முதற்கேள்வி. இதற்குத் தென்காசி, குற்றாலம் பகுதியின் நிலத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். சூன் முதல் தென்மேற்குப் பருவக்காற்றின் சாரல் விழும் நாட்களில் குற்றால மலையடிவாரத்துப் புல்தரை ஊறி இளகியிருக்கும். அத்தகைய நிலத்தில் பவுன்ஸ் குறைந்த மட்டை மண்ணைக் கிளறிப் புதையும். மிகுந்த மட்டையே வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் தென்காசிக்குக் கிழக்கே உள்ள காய்ந்த செம்மண் தரையில் நிலை தலைகீழ். இறுகிய தரையில் தாழ்ந்த பின்பகுதி பட்டுத் துள்ள, முன்விளிம்பு எழும்பிப் பந்தின் இடுப்பில் மோதும். பந்து உயராமல் தரையோடு சீறிப் பாயும். அங்கே பவுன்ஸ் குறைந்த மட்டைதான் பிழையைப் பொறுக்கும்.

மணலின் இயல்போ இதற்கு நேர்மாறானது. சிற்றாற்றுப் படுகையில் காய்ந்த மணலில் நடந்தால் கால் புதைகிறது. நீரருகே ஈர மணலில் நடந்தால் புதைவதில்லை. மழை மண்ணை இளக்குகிறது, மணலை இறுக்குகிறது. ஆகவே பொலபொலப்பான மணல் நிறைந்த பள்ளத்துக்கு 10 பாகைக்கு மேற்பட்ட பவுன்சும் அகன்ற அடியும் பொருந்தும். நனைந்து இறுகிய மணலுக்கும், மணல் மெல்லிதாகப் பரவிய பள்ளத்துக்கும் குறைவானதே பொருந்தும். ஆடுபவரின் வீச்சும் கருதத்தக்கது. மேலிருந்து செங்குத்தாக இறக்கி அடிப்பவருக்கு மிகுதியும், தரையைத் துடைத்தாற்போல் வீசுபவருக்குக் குறைவும் தேவை. ஒரே மட்டை வாங்க இயலும் நிலையில் 56 பாகைச் சாய்வும் 10 முதல் 12 பாகை பவுன்சும் உள்ளது பெரும்பாலோருக்கு ஏற்றது.

தென்காசி வட்டார மாணவர்கள் இவற்றை நேரில் காண விரும்பினால், செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால் திருவனந்தபுரத்தில் ஒரு பழைய திடல் உண்டு. 1895 இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கழகம் மலைநிலத்தில் அமைந்தது. சென்னை கிண்டியில் குதிரைப் பந்தயத் திடலின் உட்புறத்திலும் நெடுங்காலம் இவ்வாட்டம் ஆடப்பட்டது. கொடைக்கானலின் குளிர்ந்த புல்தரையும் கிண்டியின் சமவெளித் தரையும் ஒரே மட்டையை ஒன்றுபோல் ஏற்பதில்லை.

அகஸ்டா, 1935

1933 இல் மூன்றாம் முறையாகப் பி.ஜி.ஏ. பட்டத்தை வென்ற சாரசென், பாபி ஜோன்ஸ் தொடங்கிய அகஸ்டா போட்டியில் 1935 இல் முதன்முறையாகக் கலந்துகொண்டார். இதுவே பின்னர் மாஸ்டர்ஸ் எனப்பட்டது. இறுதிச் சுற்றில் நான்கு குழிகள் எஞ்சியிருக்க, ஆடி முடித்திருந்த கிரெய்க் வுட் மூன்று அடிகள் முன்னிலையில் இருந்தார். ஐந்து அடிகளில் முடிக்கவேண்டிய 15 ஆம் குழியில், ஏறத்தாழ 235 கஜத் தொலைவிலிருந்து நான்காம் எண் மரத்தலை மட்டையால் சாரசென் அடித்த இரண்டாம் அடி, குளத்தைத் தாண்டிச் சென்று குழிக்குள் விழுந்தது. மூன்று அடி முன்னிலை ஒரே அடியில் சமனாயிற்று. உடன் ஆடிய ஹேகனும், பாபி ஜோன்சும், இன்னும் சிலருமே அதனைப் பார்த்தனர். மறுநாள் 36 குழிகள் கொண்ட சமன்முறி ஆட்டத்தில் ஐந்து அடிகள் வித்தியாசத்தில் வுட்டை வென்றார்.

நான்கு பெரும் போட்டிகளையும் வெல்வது என்ற கணக்கு அன்று வழக்கில் இல்லை. சாரசென் அதனை நிறைவு செய்தார் என்பது பிற்காலத்தில் திரும்பிப் பார்த்துக் கூறப்பட்டது. அவருக்குப் பின் பென் ஹோகன், கேரி பிளேயர், ஜாக் நிக்லஸ், டைகர் வுட்ஸ் ஆகியோரும், 2025 இல் ரோரி மெக்கில்ராயும் இப்பெருமையை அடைந்தனர். 15 ஆம் குழியருகே நீரைக் கடக்கும் பாலத்துக்கு 1955 இல் சாரசெனின் பெயர் சூட்டப்பட்டது. வியப்பு என்னவெனில், பொதுமக்கள் நினைவில் நிற்பது இந்த ஒரே அடிதான். திரும்ப நிகழ்த்த முடியாத நற்பேறு அது; யாரும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடியதாக அவர் விட்டுச்சென்றது மணல் மட்டை.

பிற்காலம்

1924 இல் மேரி ஹென்றி என்பவரை மணந்தார். ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர். நியூயோர்க் மாநிலத்தில் பண்ணை வாங்கி வேளாண்மையில் ஈடுபட்டதால் பண்ணையார் என்று பொருள்படும் பட்டப்பெயர் இவருக்கு நிலைத்தது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடியும் பழங்காலக் காற்சட்டையை இறுதிவரை அணிந்தார். 1936 இல் ஆஸ்திரேலிய ஓப்பன் பட்டத்தையும் வென்றார். 1940 இல் 38 ஆம் வயதில் யூ.எஸ். ஓப்பன் போட்டியில் சமன் செய்து, சமன்முறி ஆட்டத்தில் லாசன் லிட்டிலிடம் தோற்றார். 1960களில் பல நாடுகளின் திடல்களில் படமாக்கப்பட்ட தொலைக்காட்சித் தொடர் ஒன்றைத் தொகுத்து வழங்கியதன் மூலம் புதிய தலைமுறைக்கும் அறிமுகமானார். 1974 இல் உலக கோல்ஃப் புகழரங்கில் முதல் தொகுதியினருள் ஒருவராகச் சேர்க்கப்பட்டார்.

குழியின் விட்டத்தை எட்டு அங்குலமாகப் பெரிதாக்க வேண்டும் என்றும் இவர் ஒரு காலத்தில் வாதாடினார். அது ஏற்கப்படவில்லை.

1923 இல் புயற்காற்றில் தோற்றுத் திரும்பிய அதே ட்ரூன் திடலில், 50 ஆண்டுகளுக்குப் பின் 1973 இல் நடந்த பிரித்தானிய ஓப்பனில் 71 வயதுச் சாரசென் ஆடினார். அஞ்சல்தலை என்று பெயர்பெற்ற 8 ஆம் குழி, அப்போட்டித் திடல்களிலேயே மிகக் குறுகியது. அதன் சிறிய பச்சைத்திடலைச் சுற்றி ஆழ்ந்த மணற்பள்ளங்கள் உள்ளன. முதல் நாள் ஐந்தாம் எண் இரும்பு மட்டையால் இவர் அடித்த பந்து நேரே குழிக்குள் சென்றது. மறுநாள் அதே குழியில் பந்து மணற்பள்ளத்தில் விழுந்தது. அங்கிருந்து அடித்த அடியும் குழிக்குள் சென்றது. இரண்டு நாட்களில் அக்குழியை மொத்தம் மூன்று அடிகளில், உருட்டு மட்டையைக் கையில் எடுக்காமலே முடித்தார்.

மறைவு

மனைவி மேரி 1986 இல் காலமானார். புளோரிடாவின் மார்கோ தீவில் வாழ்ந்துவந்த சாரசென், 1981 முதல் ஆண்டுதோறும் மாஸ்டர்ஸ் போட்டியைத் தொடங்கிவைக்கும் மதிப்புக்குரிய அடியை அடித்துவந்தார். 1999 ஏப்ரலில், 97 வயதில், பைரன் நெல்சன், சாம் ஸ்னீட் ஆகியோருடன் கடைசியாக அதனைச் செய்தார். அடுத்த மாதம், மே 13 அன்று, புளோரிடாவின் நேப்பில்ஸ் நகரில் காலமானார்.